பாதிப் பாட்டில் இழுக்கும் கிராமபோன்

பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் வாங்கிய கிராமபோன் பாதிப் பாட்டிலேயே வேகம் குறைந்து இழுக்கிறது, உள்ளே ‘டொக் டொக்’ என்று இடிக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் தட்டைச் சுழற்றும் சுருள்வில்லில் பழைய கிரீஸ் இறுகிப்போயிருக்கும். வில்லின் உறையை நீங்களே திறக்காதீர்கள், வில் சீறி வெளியே வந்தால் கையைக் கிழித்துவிடும். பழைய கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். அப்புறம் ஊசி! தட்டின் ஒரு பக்கத்துக்கு ஓர் எஃகு ஊசி, அவ்வளவுதான், கஞ்சத்தனம் பண்ணினால் தட்டுதான் தேயும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டு மட்டும் போடுங்கள், எல்பியை (பின்னாளில் வந்த வினைல் தட்டு) போட்டால் அந்த ஊசி உழுதுவிடும். தாத்தாவின் நாகஸ்வரத் தட்டு ஒன்றைக் கேட்டுத்தான் எனக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தது. இப்போது உலோகச் சீப்பின் பல்லை மீட்டும் இசைப்பெட்டிகளும் சேர்ந்து வீட்டில் நடக்க இடமில்லை (மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்). வில் சரியான பிறகும் வேகம் ஆடினால், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரில் உரசும் தோல் துண்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள்.