நிலநடுக்க அலைகள் வந்த நேரத்தை வரைபடமாக்குவது எப்படி?

கேள்வி: தண்டையார்பேட்டைப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திரா நிலநடுக்கத்தை எப்போது உணர்ந்தார்கள் என்று ராயபுரம் முதல் எண்ணூர் வரை பெரியவர்களிடம் மாணவர்கள் கேட்டு வந்திருக்கிறார்கள். ஒருவர் 6.30 என்கிறார், இன்னொருவர் 6.45 என்கிறார். இதை வைத்து அறிவியல் கண்காட்சிக்கு அலை வந்த நேர வரைபடம் வரையலாமா?

பதில்: இந்தத் தகவலை வைத்து வரைய இயலாது. சுமத்திராவுக்கு அருகிலிருந்த மையப்புள்ளியிலிருந்து (நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு நேர் மேலே உள்ள புள்ளி) பார்த்தால், ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் உள்ள தூர வேறுபாடு சில கிலோமீட்டர்தான்; நொடிக்குப் பல கிலோமீட்டர் ஓடும் அலைக்கு அது ஓரிரு நொடிக்கு மேல் ஆகாது. மாணவர்களுக்குக் கிடைத்த கால்மணி நேர வித்தியாசம் கடிகாரத்தையும் நினைவையும் சேர்ந்தது. நிலப்பிளவே வடக்கு நோக்கி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஏறத்தாழ பத்து நிமிடம் நீண்டுகொண்டு போனதால், அதிர்வும் ஒரே கணத்தில் முடிந்துவிடவில்லை.

ஆகவே வரைபடத்தில் வடசென்னைக்குப் பதில் பெரிய பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கம் தொடங்கியது இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில். சென்னை மையப்புள்ளியிலிருந்து சுமார் 2,040 கி.மீ.; முதன்மை அலை (வேகமாக ஓடி முதலில் சேருவது) நாலேகால் நிமிடத்தில் வந்திருக்கும், இரண்டாம் நிலை அலை (அதைவிட மெதுவாக அடுத்து வருவது) ஏழே முக்கால் நிமிடத்தில். மக்கள் உணர்ந்தது பெரும்பாலும் இந்த இரண்டாம் நிலை அலையையும், அதன் பின்னே நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி வந்த மேற்பரப்பு அலைகளையும்தான். போர்ட் பிளேருக்கு (சுமார் 1,000 கி.மீ.) முதன்மை அலை இரண்டே கால் நிமிடத்துக்குள்ளும், டெல்லிக்கு (சுமார் 3,440 கி.மீ.) ஆறேகால் நிமிடத்திலும் சேரும். தூரம் கூடுகிற அளவுக்கு நேரம் கூடவில்லை என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும்: தொலைவுக்குப் போகும் அலை ஆழமாக இறங்கிச் செல்கிறது, ஆழத்தில் வேகம் அதிகம்.

தட்டை வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டம் போடாதீர்கள், பிழை வரும். உலக உருண்டையில் மையப்புள்ளியிலிருந்து நூல் பிடித்து, ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று அளந்து, ஒரே நேரத்தில் அலை சேரும் இடங்களைக் கோட்டால் இணையுங்கள்.

காசிமேட்டில் ஆழிப்பேரலை வந்தது காலை 9 மணியளவில். அதற்குத் தனி வரைபடம் வேண்டும். கடலின் ஆழத்தைப் பொறுத்தே அதன் வேகம் அமைவதால் (4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு சுமார் 700 கி.மீ.) அந்தக் கோடுகள் வட்டமாக இருக்காது. மாணவர்கள் திரட்டியதையும் வீணாக்க வேண்டாம்: எந்த மாடியில் இருந்தார்கள், மின்விசிறி ஆடியதா, பாத்திரம் உருண்டதா என்று கேட்டு, வடசென்னைக்கு அதிர்வுச் செறிவு வரைபடமாக (எந்த இடம் எவ்வளவு பலமாக ஆடியது என்று காட்டுவது) அதை வரையலாம்.