பழுதில்லாத ஹோம் தியேட்டரை எப்போது மாற்றலாம்?

எட்டு வருடமாக ஓடுகிறது, பழுது எதுவும் இல்லை, ஆனால் நண்பர் வீட்டில் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் டால்பி முறை) கேட்டதிலிருந்து மனசு கேட்கவில்லை, மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாகப் புது டிவி வாங்கிவிட்டீர்கள், அடுத்து ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்கெல்லாம் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) வரப்போவது வீட்டில் யாருக்கும் தெரியாது. சரியா? நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. மாற்றிய கதையைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

எனக்கு ரங்கூன். அனோரத்தா சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது. எங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் அளவு எல்லாருக்கும் மனப்பாடம்: 12.5 அடி அகலம், 50 அடி நீளம். ரயில் பெட்டி மாதிரி. கை தட்டினால் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகச் சத்தம் பத்து தடவை போய்வரும்.

அந்த வீட்டில் 2012லிருந்து ஓன்கியோ கம்பெனியின் பழைய 5.1 ரிசீவர் ஒன்று, அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பாஸ் பெட்டிக்குமானது, இருந்தது. ஜப்பான் பழைய சாமான் கடையில் வாங்கியது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், எங்களுக்கு 230. அதனால் செங்கல் கனத்துக்கு ஒரு ஸ்டெப்-டவுன் பெட்டியும் கூடவே வரும். படம் முடிந்ததும் அப்பா அந்தப் பெட்டியின் பிளக்கைக் கையோடு பிடுங்கி வைத்துவிடுவார். ரிசீவரின் நெற்றியில் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் ‘42’ என்று எழுதியிருந்தார். அதற்கு மேல் வால்யூம் வைக்கக் கூடாது என்று அர்த்தம்.

2019இல் அதே அப்பாதான், “சண்டை வந்தா கூரை பிய்யுது, பேசுறது மட்டும் காதுல விழ மாட்டேங்குது” என்று குறைப்பட ஆரம்பித்தார். எனக்கு அது போதுமான காரணமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், காரணத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். 9 லட்சம் கியாட்டுக்குப் புது அட்மாஸ் ரிசீவர் ஒன்றும், மேல்நோக்கிப் பாடும் இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கினேன். பழையது 80 வாட், புதியது 100 வாட் என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். வாட்டை அப்படியே இரட்டிப்பாக்கினாலே கூடுவது 3 டெசிபல்தான். அதுவும் உற்றுக் கேட்டால் தெரியும் வித்தியாசம். எண்பதுக்கும் நூறுக்கும் என்ன இருக்கிறது? இது அப்போது எனக்குத் தெரியாது. பழையதை 60,000 கியாட்டுக்கு, ஸ்டெப்-டவுன் பெட்டியோடு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லினில் இருக்கும் மச்சானுக்குக் கொடுத்தேன். சொந்தக்காரர் என்று அந்த விலை.

மேல்நோக்கிப் பாடும் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூரையில் மோதவிட்டுக் கீழே திருப்பும், அதற்குத் தட்டையான, தாழ்ந்த கூரை வேண்டும். எங்களுடையது 15 அடி உயரம், நடுவில் வரிசையாக உத்திரங்கள். மேலே போன சத்தம் அங்கேயே தங்கிவிட்டது. அதைக்கூட விடுங்கள். அப்பா மறுபடியும், “பேசுறது கேக்கல” என்றார். மைக் வைத்து அறையின் சத்தத்தை ரிசீவரே அளந்து சரிசெய்துகொள்ளும் வசதியை நான்கு முறை ஓட்டினேன். அப்படியும் கேட்கவில்லை.

தீபாவளிக்கு வீடு கழுவினோம். அம்மா ஷோகேஸின் கண்ணாடிக் கதவுகளைக் கழற்றித் துடைக்கச் சொல்லி, மொட்டை மாடியில் காய வைத்தார். அன்று ராத்திரி டிவி ஓடிக்கொண்டிருந்தபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, “இன்னைக்கு நல்லா கேக்குதே, என்ன பண்ணே?” என்றார். நான் ஒன்றும் பண்ணவில்லை. நடு ஸ்பீக்கர் ஏழு வருடமாக அந்த ஷோகேஸுக்குள், கண்ணாடிக்குப் பின்னால், தூசி படக் கூடாது என்று அம்மா போட்ட லேஸ் துணிக்கு அடியில் இருந்திருக்கிறது. வசனம் பெரும்பாலும் வருவதே அந்த ஒரு ஸ்பீக்கரில்தான். 9 லட்சம் செலவழித்தும் தீராத குறை, துணியை எடுத்ததும் தீர்ந்தது.

எனவே உங்களிடம் என் முதல் கேள்வி: இப்போது இருப்பதில் எது குறைகிறது என்று ஒரு வரியில் சொல்ல முடியுமா? “வசனம் கேட்கவில்லை” என்றால் ஸ்பீக்கர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். “4கே படம் ரிசீவர் வழியாக டிவிக்குப் போகவில்லை” என்றால் அது உண்மையான குறை. பழைய ரிசீவர்கள் பலவற்றின் எச்டிஎம்ஐ சாக்கெட் (படமும் சத்தமும் ஒரே வயரில் போகும் வழி) அதைக் கடத்தாது. அதற்கும் பிளேயரை நேரே டிவியில் சொருகி, டிவியிலிருந்து ஆப்டிகல் வயரில் சத்தத்தை மட்டும் ரிசீவருக்குக் கொண்டுவரலாம். அட்மாஸ் வராது, சாதாரண டால்பி 5.1 வரும். ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ உதிர்ந்தாலோ வேலை இருக்கிறது. அந்த வளையத்தை மட்டும் மாற்றித் தருபவர்கள் உண்டு, ஸ்பீக்கரைத் தூக்கிப் போட வேண்டாம். நல்ல ஸ்பீக்கர் இருபது வருடம் தாராளமாக உழைக்கும். சீக்கிரம் கிழடாவது ரிசீவர்தான், அதிலும் அதன் சாக்கெட்டுகள்.

‘காது கேட்காதவன் அட்மாஸைப் பற்றி எழுதுகிறான்’ என்று பின்னூட்டம் போடப் போகிறவர்களுக்கு: அட்மாஸ் பொய் என்று நான் சொல்லவில்லை. கூரையில் ஓட்டை போட்டு ஸ்பீக்கர் பதிக்க முடிந்தவர்கள் தாராளமாக வாங்குங்கள். நான் வாடகை வீட்டுக்காரன்.

இன்னொரு கூட்டம், “ஆன்லைனில் ஆர்டர் போடுங்க, ரெண்டு நாளில் வந்துரும்” என்று எழுதும். தமிழில் எழுதுகிறவன் எல்லாம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பதாக நினைப்பு. ரங்கூன் என்றால், “பர்மாவில் இன்னும் தமிழர்கள் இருக்கிறார்களா?” என்று ஆச்சரியப்படுவார்கள். இருக்கிறோம் ஐயா. அறுபதுகளில் கப்பல் ஏறியவர்கள் போக, மிச்சமிருந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். எங்கள் ஊர்ப் பெயரை மாட்டிக்கொண்டு சென்னை பர்மா பஜாரில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் குவிந்து கிடக்கிறது. பர்மாவில் இருக்கும் எனக்கு ஒரு ரிசீவர் போர்டு கிடைக்கவில்லை.

அதற்குத்தான் வருகிறேன். 2021க்குப் பிறகு இங்கே மின்சாரம் அட்டவணை போட்டு வரும், போகும். அட்டவணையையும் மதிக்காது. வரும்போது தெருவில் பிள்ளைகள் “மீ லாபி!” என்று கத்துவார்கள், விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். 2024இல் ஒரு சாயங்காலம் அந்தக் கூச்சலோடு எங்கள் வீட்டு டியூப் லைட் வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தது. டிவிக்குக் கீழே ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம். புது ரிசீவர் எந்நேரமும் ஸ்டாண்ட்பையில் கிடக்கும் ஜாதி. அப்பா இருந்தவரை பிளக்கைப் பிடுங்கினார், நான் ரிமோட்டோடு நிறுத்திக்கொண்டேன். வாங்கின கடையில், மின்சாரத்தால் போனதற்கு வாரண்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 2021 ஆரம்பத்தில் 1,330 கியாட்டாக இருந்த டாலர், வெளிச்சந்தையில் 4,000ஐத் தாண்டியிருந்தது. புதிது வாங்க வழியே இல்லை. (மின்வெட்டு உள்ள ஊரில் இருப்பவர்கள், மின்சாரம் வந்து மூன்று நிமிடம் கழித்தே அதை உள்ளே விடும் பாதுகாப்புப் பெட்டி ஒன்றை முதலில் வாங்குங்கள். ஃபிரிட்ஜுக்குப் போடுவார்களே, அதுதான். மலிவு இன்வெர்ட்டரில் ரிசீவரை ஓட்டினால் படம் முழுக்க ‘உர்ர்’ என்று ஒரு இரைச்சலும் சேர்ந்து வரும்.)

கடைசியில் பேகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, தன்லினுக்கு மச்சான் வீட்டுக்குப் போனேன். ஓன்கியோ ஓடிக்கொண்டிருந்தது. நெற்றியில் பிளாஸ்திரி, அதில் ‘42’, கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது. விலை கேட்டேன். “3 லட்சம், மாமா. வெலவாசி தெரியும்ல” என்றார். டாலர் மூன்று மடங்குதான் ஏறியிருந்தது, மச்சான் ஐந்து மடங்கு ஏறியிருந்தார். பேரம் பேசவில்லை. பிளாஸ்திரி எங்கள் அப்பா ஒட்டியது, வேறு யாரிடம் போய் வாங்க முடியும்?

ஐந்து மாடி தூக்கிக்கொண்டு வந்து வைத்த பிறகுதான் ஸ்டெப்-டவுன் பெட்டி வரவில்லை என்று தெரிந்தது. போன் போட்டேன். அது தனி விலை என்றார். வேறு ஒன்று வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தேன், என் பெட்டி வாசலில் இருக்கிறது, மேலே துளசித் தொட்டி வைத்திருக்கிறார்கள்.