வியாழக்கிழமை தண்ணீர் யார் ஊற்றுவது? பொதுத் தோட்டம் பற்றிய கேள்வி பதில்

பொதுத் தோட்ட வேலையில் எனக்குப் பன்னிரண்டு வருட அனுபவம். மூன்று தோட்டங்கள் தொடங்கியபோது கூட இருந்தேன். இரண்டு இன்னும் நடக்கின்றன. ஒன்று இரண்டாம் வருடமே புதராகிவிட்டது. கீழே வரும் பதில்களில் பாதி அந்தப் புதரிலிருந்து வந்தவை.

கேள்வி: வணக்கம் சார். எங்கள் குடியிருப்பில் நாற்பது வீடுகள். பின்னால் 200 சதுர மீட்டர் இடம் சும்மா கிடக்கிறது. ஏதாவது பேரிடர் வந்து கடைகள் மூடிவிட்டால், அங்கே விளைவதை வைத்துச் சமாளிக்க முடியுமா?

பதில்: முடியாது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2000 கலோரி வேண்டும். ஒரு கிலோ தக்காளியில் இருப்பது ஏறக்குறைய 180. பதினொரு கிலோ தக்காளியை ஒரே நாளில் யார் தின்பது? சரி, மாவுச்சத்து நிறைந்த சர்க்கரைவள்ளியை இடம் முழுக்கப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ வீதம் 400 கிலோ. கிலோவுக்கு 860 கலோரி என்றால் மொத்தம் 3,44,000. வீட்டுக்கு நாலு பேர் வைத்தால் 160 பேர். நாலைந்து மாத உழைப்பு, ஒரே நாள் சாப்பாடு.

அப்புறம் எதற்குத் தோட்டம் என்று கேட்பீர்கள். தானியம் மூட்டையில் வரும், தாமதமானாலும் கெடாது. கீரையும் காயும் அப்படி வராது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943ல், அமெரிக்காவில் சுமார் 2 கோடி வீட்டுத் தோட்டங்களும் பொதுத் தோட்டங்களும் இருந்தன. நாட்டின் பச்சைக் காய்கறியில் கிட்டத்தட்ட 40 சதவீதம் அவற்றிலிருந்து வந்ததாக மதிப்பிடுகிறார்கள். கவனியுங்கள், காய்கறியில்தான். சோவியத் ஒன்றியம் உடைந்து, அங்கிருந்து வந்துகொண்டிருந்த எரிபொருளும் உரமும் நின்றுபோனபோது கியூபாவில் ஹவானா நகரத்தின் காலி மனைகளெல்லாம் காய்கறிப் பாத்திகளாயின. அப்போதும் தானியத்துக்கு அந்த நாடு இறக்குமதியை நம்பியிருப்பது நிற்கவில்லை. அதனால் உங்கள் 200 சதுர மீட்டரில் கீரை, பீன்ஸ், தக்காளி, மிளகாய் போடுங்கள். தானியமும் பருப்பும் வீட்டில் இரண்டு வாரத்துக்கு இருப்பு வையுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பேரிடருக்குத் தயார் என்று சொல்ல முடியும்.

கேள்வி: நாங்கள் பதினைந்து பேர் ஆர்வமாக இருக்கிறோம். முதலில் என்ன வாங்க வேண்டும்?

பதில்: ஒன்றும் வாங்காதீர்கள். ஒரு தாளை எடுத்து ஏழு கிழமைகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே தண்ணீர் ஊற்றுபவர் பெயரையும், அவர் வராவிட்டால் யார் என்பதையும் எழுதுங்கள். பதினாலு பெயர் நிரம்பினால் தோட்டம் போடலாம். நிரம்பாவிட்டால் நிரம்புகிற அளவுக்கு இடத்தைச் சுருக்குங்கள்.

நான் சொன்ன அந்தப் புதர்த் தோட்டத்தில் மண் அருமையானது, குழாய் வாசலிலேயே இருந்தது. வேலிக்கு ஒரே பூட்டு, அதற்கு ஒரே சாவி. சாவிக்காரர் ஒரு வெயில் காலத்தில் நாலு நாள் ஊருக்குப் போய்விட்டார். அவர் வேறு யாரிடமாவது கொடுத்திருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். நானும்தான். திரும்பி வந்தபோது நாற்றுகள் அத்தனையும் கருகியிருந்தன. அதன்பிறகு யார் மேல் தப்பு என்ற பேச்சு ஆறு மாதம் ஓடியது, தோட்டம் ஓடவில்லை. நான் பார்த்தவரை பூச்சியால் செத்த தோட்டங்களைவிடச் சாவியால் செத்த தோட்டங்களே அதிகம்.

கேள்வி: அண்ணா, வேலைக்கு வராதவர்கள் பறிக்க மட்டும் வந்துவிடுகிறார்கள். வெளியாட்கள் வேறு தக்காளியைப் பறித்துக்கொண்டு போகிறார்கள். என்ன செய்வது?

பதில்: இரண்டும் வேறு வேறு நோய், தம்பி.

உள்ளே இருப்பவர்களுக்கு விதி வேண்டும். பொதுச் சொத்தை மக்கள் தாங்களாகவே எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதை எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர் பல நாடுகளின் பாசனக் குழுக்கள், மேய்ச்சல் நிலங்கள், மீன்பிடிக் கரைகளை வைத்து ஆராய்ந்தார். 2009ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. நீடித்து நின்ற குழுக்களில் அவர் கண்ட சில பொதுவான தன்மைகள் தோட்டத்துக்கும் அப்படியே பொருந்தும்: யார் உறுப்பினர் என்பது தெளிவாக இருக்க வேண்டும், விதியை அதற்குக் கட்டுப்படுபவர்களே சேர்ந்து போட வேண்டும், தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட வேண்டும். முதல் தடவை வராதவரை வெளியே தள்ளாதீர்கள். ஒரு போன் செய்து "உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேளுங்கள். மூன்றாவது தடவை அந்த வாரப் பங்கு கிடையாது. பாத்தியைத் திரும்ப வாங்குவதெல்லாம் கடைசியில்.

வெளியாட்களுக்கு என் வழி வேறு. வேலிக்கு வெளியே ஒரு வரிசை நட்டு, "யார் வேண்டுமானாலும் பறிக்கலாம்" என்று பலகை வைத்துவிடுவேன். இங்கிலாந்தில் டோட்மோர்டன் என்ற சிற்றூரில் 2008 முதல் சாலையோரம், ரயில் நிலையம், காவல் நிலைய வாசல் என்று கண்ட இடத்திலும் காய்கறி நட்டு, எல்லோரும் பறித்துக்கொள்ள விட்டிருக்கிறார்கள். நான் அந்த அளவுக்குத் தாராளம் இல்லை. ஒரு வரிசைதான். ஆனால் அதற்குப் பிறகு வேலிக்குள் கை நீளுவது குறைந்தது.

கேள்வி: நிலத்துக்காரர் நல்லவர். "தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொல்லியிருக்கிறார். அது போதாதா?

பதில்: அவர் நல்லவராகவே இருக்கட்டும், நாளை அவர் பிள்ளைகள் விற்கலாம் இல்லையா? லாஸ் ஏஞ்சல்ஸில் 14 ஏக்கரில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பத்து வருடத்துக்கு மேல் பயிர் செய்த தோட்டம் இருந்தது. நில உரிமைத் தகராறில் 2006ல் அவர்களை வெளியேற்றி, புல்டோசர் விட்டு அழித்தார்கள். எழுதி வாங்குங்கள். குறைந்தது மூன்று வருடம், காலி செய்யச் சொன்னால் நிற்கிற பயிரை அறுத்து முடிக்கும்வரை அவகாசம், தண்ணீர்க் கட்டணம் யாருடையது. இந்த மூன்றும் இருந்தால் ஒரு பக்கம் போதும். அதுவரை பழமரம் நடாதீர்கள்.

கேள்வி: எங்களுக்குக் கிடைத்த இடத்தில் முன்பு ஒரு பழைய பட்டறை இருந்தது. குழந்தைகளும் வருவார்கள். பயப்பட வேண்டுமா?

பதில்: பயப்பட வேண்டாம், பரிசோதிக்க வேண்டும். பெயின்ட், பேட்டரி, எண்ணெய் புழங்கிய இடத்தில் ஈயம் இருக்கலாம். ஈயம் மட்கிப் போகிற பொருள் இல்லை, மண்ணிலேயே கிடக்கும். நிலத்தின் நாலைந்து இடங்களிலிருந்து மண் எடுத்து, கன உலோகப் பரிசோதனை என்று கேட்டுக் கொடுங்கள். சாதாரண உரச்சத்துப் பரிசோதனையில் ஈயம் தெரியாது.

அளவு கூடுதலாக இருந்தால், கனமான துணியோ அட்டையோ விரித்து, அதன்மேல் 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வெளி மண் கொட்டி மேட்டுப்பாத்தி போடுங்கள். தக்காளி, கத்தரி, பீன்ஸ் போன்ற காய்களில் ஈயம் குறைவாகவே ஏறும். கிழங்கிலும் கீரையிலும்தான் கவலை, அதிலும் கீரையில் ஒட்டியிருக்கும் தூசி. குழந்தைகளுக்கு உண்மையான ஆபத்து காயில் இல்லை, மண் அளைந்த கையை வாயில் வைப்பதில் இருக்கிறது. வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்துவிடுங்கள், நடைபாதையை மரச்சீவலால் மூடுங்கள். பாத்திக்குக் கரை கட்ட மருந்தடித்த பழைய மரமும் ரயில் கட்டையும் வேண்டாம்.

கேள்வி: மக்குக் குழி நாறுகிறது. பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள்.

பதில்: காய்ந்த இலை போதவில்லை. ஒரு கூடை சமையலறைக் கழிவுக்கு இரண்டு மூன்று கூடை சருகு. கிளறி விடுங்கள், ஒரு வாரத்தில் வாடை போகும். பக்கத்து வீட்டுக்கு முதல் கீரைக்கட்டைக் கொடுங்கள்.

கேள்வி: கூரை மழைநீரை மட்டும் வைத்துத் தோட்டம் நடத்த முடியுமா? எங்களுக்குக் குழாய் நீர் கிடையாது.

பதில்: 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1000 லிட்டர், சிதறியது போக 800 லிட்டர் தேறும். வெயில் காலத்தில் பாத்திக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வரை இழுக்கும். 50 சதுர மீட்டர் பாத்தி என்றால் 250 லிட்டர். 800 லிட்டர் மூன்று நாள்தான் வரும். பெரிய தொட்டி கட்டுவதற்கு முன் தண்ணீர்ச் செலவைக் குறையுங்கள்: சருகோ வைக்கோலோ ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள், காலையில் மட்டும் வேரில் ஊற்றுங்கள், கோடையில் பாதிப் பாத்தியை ஓய்வாக விடுங்கள். காய்கறி கழுவிய தண்ணீர் தாராளமாக வரட்டும். சோப்புத் தண்ணீரைப் பச்சையாகத் தின்னும் இலைகளுக்கு விடாதீர்கள். தொட்டியின் வாயைக் கொசுவலையால் கட்டுங்கள்.

கேள்வி: ஐயா, ஒவ்வொரு பருவமும் விதை வாங்கிக்கொண்டே இருந்தால் அது என்ன தற்சார்பு?

பதில்: நியாயமான குத்தல். பீன்ஸிலிருந்தும் தக்காளியிலிருந்தும் தொடங்குங்கள். இரண்டும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை, ரகம் கெடாது. பூசணிக் குடும்பம் அப்படியில்லை. பக்கத்தில் இருக்கிற வேறு ரகத்தோடு தேனீ கலந்துவிடும். வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை தாயைப் போல வராது, அதில் மெனக்கெடாதீர்கள். விதைக்கு எதிரி ஈரமும் சூடும். விதைக்குள் இருக்கும் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தாலோ, வெப்பம் 5 டிகிரி குறைந்தாலோ விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று விதைக்காரர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு. நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பாட்டிலில், மூன்று வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். ஒரே வீட்டில் வைத்தால் மறுபடி அந்தச் சாவிக் கதைதான்.

கேள்வி: தோட்டம் தவிர வேறு என்ன செய்யலாம்? சூரிய மின்தகடு போடலாம் என்கிறார்கள்.

பதில்: போடலாம், ஆனால் அதற்குப் பணம் வேண்டும், பணம் வந்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் சண்டை வரும். முதலில் கருவிகளைப் பொதுவாக்குங்கள். நாற்பது வீட்டுக்கு நாற்பது ஏணி எதற்கு? அடுத்தது பழுது பார்க்கும் நாள். 2009ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய வழக்கம் இது: மாதம் ஒரு நாள் பழுதான மின்விசிறியையும் கிழிந்த பையையும் கொண்டுவந்து, தெரிந்தவர் உதவியோடு சரிசெய்துகொள்வது. ஒரு மேசை போதும்.

கேள்வி: தப்பாக நினைக்காதீர்கள். நாலு வெண்டைக்காய் பறிப்பதற்குச் சமூகத் தாங்குதிறன் அது இது என்று பெரிய பெரிய வார்த்தை எதற்கு?

பதில்: தப்பாக நினைக்கவில்லை, எனக்கும் அந்த வார்த்தை வாயில் ஒட்டாது. நெருக்கடி வந்தால் அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1995 ஜூலையில் சிகாகோ நகரத்தில் வெப்ப அலை வந்து 700 பேருக்கு மேல் இறந்தார்கள். தனியாக இருந்த முதியவர்கள் அதில் ஏராளம். எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியலாளர் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ஏழைப் பகுதிகளை ஒப்பிட்டார். தெருவில் நடமாட்டமும் கடையும் பழக்கமும் இருந்த பகுதியில் சாவு மிகக் குறைவு. வீடுகள் காலியாகி, மக்கள் கதவைப் பூட்டிக்கொண்ட பகுதியில் மிக அதிகம்.

எங்கள் பக்கம் ஒருமுறை மூன்று நாள் மின்சாரம் இல்லை. தண்ணீர் முறைத் தாளில் எல்லோருடைய எண்ணும் இருந்தது. அதை வைத்து வீடு வீடாகக் கேட்டுப் போனோம். மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் லிஃப்ட் ஓடாததால் இறங்க முடியாமல் இரண்டு நாளாக பிஸ்கட் மட்டும் தின்றுகொண்டிருந்தார். அவர் பெயர் அந்தத் தாளில் இல்லை, தோட்டத்துப் பக்கம் வந்ததும் இல்லை. கீழ்வீட்டு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. இப்போது வியாழக்கிழமைத் தண்ணீர் அவருடையது. பாதி நாள் மறந்துவிடுகிறார்.