கப்பல் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது விமானம் ரத்து: என்ன செய்யலாம்?

கேள்வி: சனிக்கிழமை மாலை 6 மணிக்குப் பார்சலோனாவிலிருந்து எங்கள் குரூஸ் கிளம்புகிறது. வெள்ளிக்கிழமை போய்ச் சேரவேண்டிய விமானத்தை இன்று ரத்து செய்துவிட்டார்கள். அவர்களாகவே மாற்றிக் கொடுத்திருக்கும் விமானம் சனிக்கிழமை மதியம் 2:30க்குத்தான் பார்சலோனாவில் இறங்குகிறது. இதை ஏற்றுக்கொள்ளலாமா, ரீபண்ட் வாங்கிக்கொண்டு வேறு டிக்கெட் எடுக்கலாமா?

பதில்:

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். மெயிலில் 'ஏற்கிறேன்', 'பணத்தைத் திருப்பித் தருக' என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். அவற்றில் கை வைக்காமல் முதலில் கப்பல் நிறுவனத்துக்குப் போன் போடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

போன வருஷம் கோடையில் எங்களுக்கு இதே நிலைமை, இன்னும் மோசமாக. நான், கணவர், என் அப்பா, மூன்று பேர். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு 'ரோமிலிருந்து' கப்பல். வெள்ளி இரவே ரோமில் இறங்கிவிடுவதாகத் திட்டம். ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறவேண்டும். அங்கே மாலையில் இடியும் மழையும். ஒரு மணி நேரம் தாமதம் என்றார்கள், அப்புறம் இரண்டு என்றார்கள். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இரவு 11 முதல் காலை 5 வரை வழக்கமான விமானங்களுக்குத் தடை உண்டு, சுற்றி இருக்கிறவர்கள் தூங்கவேண்டும் என்பதற்காக. எனக்கு அது தெரியாது. எப்படியும் கிளம்பிவிடும் என்று பத்தேமுக்கால் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பலகையில் 'ரத்து' என்று மாறியபோது கவுன்ட்டருக்கு முன்னால் வரிசை மூலை திரும்பி நின்றது.

பத்து நிமிடத்தில் செயலியில் புது டிக்கெட் வந்துவிட்டது. மறுநாள் மதியம் 3:30க்கு ரோமில் இறங்கும் விமானம். கப்பல் 5 மணிக்குத்தானே, தப்பித்தோம் என்று 'ஏற்கிறேன்' பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனேன். அப்பா பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் அச்செடுத்த காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார். எல்லாம் போனிலேயே இருக்கிறது, இந்தக் கட்டு எதற்கு என்று வீட்டில் அவரைக் கேலி செய்திருந்தோம்.

"ஏம்மா, ஏரோப்ளேன் எப்ப போகும்னே பாத்துக்கிட்டிருக்க. கப்பல் எங்க நிக்குது, எத்தனை மணிக்குக் கதவை மூடுவான், அதைப் பாத்தியா?"

பார்த்தேன். கப்பல்காரர்கள் 'ரோம்' என்று சொல்லும் துறைமுகம் சிவிதாவெக்கியா. ரோமிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். கப்பல் 5 மணிக்குக் கிளம்பும், ஆனால் பயணிகள் ஏறுவது 4 மணியோடு முடிந்துவிடும். நான் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ள இருந்த டிக்கெட் எங்களை ஆளில்லாத துறைமுகத்தில்தான் கொண்டுபோய் விட்டிருக்கும்.

விமான நிறுவனத்தின் கணினிக்கு நீங்கள் கப்பல் ஏறப் போவது தெரியாது. டிக்கெட்டில் போட்டிருக்கும் ஊரில் உங்களை இறக்கிவிட்டால் அதன் வேலை முடிந்தது. ஆகவே மாற்று விமானத்தின் நேரத்தைக் கப்பல் கிளம்பும் நேரத்தோடு ஒப்பிடாதீர்கள், ஏறுவது எப்போது முடிகிறது என்பதோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 முதல் 90 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். இது வெறும் கறார் இல்லை. பயணிகள் பட்டியலை அரசுக்கு முன்கூட்டியே கொடுக்கவேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களில் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு. துறைமுகத்தில் இடமும், கப்பலை வெளியே நடத்திப்போகும் பைலட்டும் நேரம் குறித்தே கிடைக்கிறார்கள். மூன்று பேருக்காகக் கப்பல் நிற்காது. கப்பல் நிறுவனம் மூலமாகவே விமான டிக்கெட்டும் எடுத்த பலர் ஒரே விமானத்தில் மாட்டிக்கொண்டால் சில சமயம் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்ப்பார்கள். அதையும் நம்பியிருக்க முடியாது.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். 2:30க்கு இறங்கி, குடியேற்ற வரிசை, பெட்டி எல்லாம் முடித்து வெளியே வர 3:45 ஆகலாம். பார்சலோனாவில் துறைமுகம் விமான நிலையத்துக்குப் பக்கம்தான், காரில் அரை மணிக்குள். ஏறுவது 4:30க்கு முடிந்தால் நூலிழையில் தப்புவீர்கள், 5க்கு முடிந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் அந்த விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் போச்சு. ஒரு தடவை ரத்தான வழித்தடத்தில் அந்த ஒரு மணி நேரத்தை நம்ப நான் தயாரில்லை.

இனி ரீபண்ட். பணத்தை வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்ன நொடியில், உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அவர்களுக்கு இல்லாமல் போகும். அதன்பின் கடைசி நேர விலையில் நீங்கள்தான் டிக்கெட் தேடவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி, ரத்தான விமானத்தின் பயணிக்குத் தேர்வு தருகிறது: பணம் திரும்ப, அல்லது கூடிய விரைவில் மாற்றுப் பயணம். ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் இது பொருந்தும். வெளியிலிருந்து அங்கே போகும் விமானம் என்றால் அது ஒன்றியத்து நிறுவனத்துடையதாக இருக்கவேண்டும். 14 நாளுக்குள் சொல்லி ரத்து செய்தால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடும் கேட்கலாம். மழை, புயல் போன்ற அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் அந்த இழப்பீடு கிடையாது, ஆனால் சாப்பாடு, தங்கும் அறை, மாற்றுப் பயணம் மூன்றும் அப்போதும் அவர்கள் பொறுப்பே. எங்களுக்கு அதுதான் நடந்தது. யூரோ கிடைக்கவில்லை, இரவு ஒரு மணிக்கு அறை கிடைத்தது. அமெரிக்காவில் இப்படி நிலையான இழப்பீடு இல்லை. ரத்தான விமானத்தில் மாற்றை ஏற்காதவருக்கு ரீபண்ட் கட்டாயம், கார்டில் கட்டியிருந்தால் 7 வேலை நாட்களுக்குள்.

உங்களுக்கு இப்போது தேவை பணம் இல்லை, இருக்கை. அதைக் கேட்கும்போது ஊரை விரித்துக் கேளுங்கள். இதை நாங்கள் அன்று இரவுதான் கற்றுக்கொண்டோம். கணவர் வரிசையில் நின்றார், நான் போனில் காத்திருந்தேன், அப்பா காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ரோமுக்குக் காலை விமானங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. எங்களைப் போல மாட்டிக்கொண்ட எல்லோரும் அதைத்தானே கேட்பார்கள். "ரோம் இல்லையென்றால் நேப்பிள்ஸ், பிளாரன்ஸ், பீசா, எதுவானாலும் சரி" என்று கணவர் சொன்னதும் கவுன்ட்டரில் இருந்த பெண் தலையைத் தூக்கிப் பார்த்தார். கப்பல் டிக்கெட்டின் அச்செடுத்த காகிதத்தை அப்பா நீட்டினார். நேப்பிள்ஸுக்குக் காலையில் மூன்று இருக்கை இருந்தது. அங்கிருந்து ரோமுக்கு அதிவேக ரயில் ஒன்றேகால் மணி நேரம், ரோமிலிருந்து சிவிதாவெக்கியாவுக்கு இன்னொரு ரயில். துறைமுகத்துக்குள் போகும் பஸ்ஸில் ஏறிக் கப்பலடிக்கு வந்தபோது மணி 3:40.

உங்களுக்கும் இதே வழி இருக்கிறது. மாட்ரிட்டிலிருந்து பார்சலோனாவுக்கு அதிவேக ரயில் மூன்று மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிடும். ஜிரோனா, ரெயுஸ் இரண்டும் பார்சலோனாவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் இருக்கும் சின்ன விமான நிலையங்கள். பாரீஸிலிருந்துகூட நேரடி ரயில் உண்டு, ஏறத்தாழ ஏழு மணி நேரம். வெள்ளிக்கிழமைக்குள் இவற்றில் ஏதாவது ஒன்றில் இறக்கிவிடச் சொல்லுங்கள். 'வேறு வழி இருக்கிறதா?' என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். விமான எண்ணையும் நேரத்தையும் நீங்களே தேடி வைத்துக்கொண்டு, இதில் போடுங்கள் என்று கேளுங்கள்.

மாற்று வழி எந்த நாடு வழியாகப் போகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்கா வழியாக என்றால் விமானம் மாறுவதற்கு மட்டுமே இறங்கினாலும் விசா போன்ற அனுமதி வேண்டும். பிரிட்டன் வழியாக என்றால் சில நாட்டுப் பாஸ்போர்ட்களுக்கு டிரான்சிட் விசா கேட்பார்கள். கவுன்ட்டரில் இருப்பவர் அவசரத்தில் இதைக் கவனிக்காமல் டிக்கெட்டைப் போட்டுவிடலாம்; ஏறும் இடத்தில் மறிக்கப்படுவது நீங்கள்.

இன்னொரு கண்ணி உண்டு. பொறுமையிழந்து சொந்தக் காசில் தனி டிக்கெட் எடுத்துப் போனால், பழைய டிக்கெட்டின் முதல் பாதியில் நீங்கள் ஏறவில்லை என்று திரும்பிவரும் டிக்கெட்டையும் சேர்த்து ரத்து செய்துவிடுவார்கள். அப்படிப் போவதாக இருந்தால், திரும்பும் பயணம் அப்படியே இருக்கும் என்று விமான நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.

கப்பல் நிறுவனத்துக்கு முதலில் போன் போடச் சொன்னதற்கு வருகிறேன். விமான டிக்கெட்டும் அவர்கள் மூலம்தான் எடுத்தீர்கள் என்றால் பாதிக் கவலை அவர்களுடையது; உங்களைக் கப்பலிலோ அடுத்த துறைமுகத்திலோ சேர்க்கப் பார்ப்பார்கள். தனியாக எடுத்திருந்தாலும் சொல்லிவையுங்கள். சொல்லாமல் வராமல் போனால் 'வராதவர்' என்று குறித்து உங்கள் கப்பல் அறையை ரத்து செய்துவிடுவார்கள், பணமும் பெரும்பாலும் போய்விடும். தாமதமாகலாம் என்று தெரிந்தால் குறிப்பு எழுதிவைப்பார்கள். ஆன்லைன் செக்-இன் மிச்சம் இருந்தால் இன்றே முடியுங்கள். அவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: தவறவிட்டால் எந்தத் துறைமுகத்தில் ஏற விடுவீர்கள்?

அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று நாமாக முடிவு செய்ய முடியாது. சில இடங்களில் சட்டமே விடாது. அமெரிக்காவில் 1886ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. சியாட்டிலில் கிளம்பி அலாஸ்கா போய், வழியில் கனடாவில் நின்று, சியாட்டிலுக்கே திரும்பும் வெளிநாட்டில் பதிவான கப்பலைத் தவறவிட்டு, அலாஸ்காவின் ஜூனோ துறைமுகத்தில் ஏறினால், ஓர் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்துக்குப் பயணம் செய்ததாகிவிடும். அது தடை. உங்கள் கப்பல் மத்தியதரைக் கடலில் போகிறது, இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அடுத்த துறைமுகம் ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) வெளியே என்றால் விசாவைப் பாருங்கள். கப்பலோடு வந்து ஒரு பகல் ஊர் பார்க்கிறவருக்குத் தரும் சலுகையை விமானத்தில் வந்து இறங்குகிறவருக்கும் தருவார்கள் என்று எண்ணவேண்டாம்.

பெட்டி விஷயத்தில் நாங்கள் ஏமாந்தோம். ரோமுக்கு டேக் போட்ட பெட்டிகள், நாங்கள் நேப்பிள்ஸ் போன பிறகும் ரோமுக்கே போயின. நல்லவேளை, அப்பாவின் மருந்து, எல்லோருடைய பாஸ்போர்ட், ஒரு மாற்றுத் துணி கையோடு இருந்தன. நேப்பிள்ஸ் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே பெட்டி வரவில்லை என்று எழுதிக் கொடுத்து எண் வாங்கினோம். கப்பலின் பெயர், எந்த நாள் எந்தத் துறைமுகம் என்ற பட்டியல், எல்லாம் அப்பாவின் உறையிலிருந்தே வந்தன. கப்பலில் ஏறியதும் வரவேற்பு மேசையில் கேட்டு, துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தின் வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட்டின் முகவரியையும் அனுப்பினோம். கப்பலில் இருக்கிறவருக்குப் பெட்டி கப்பல் வழியாக வராது, ஏஜென்ட் வழியாகத்தான் வரும். நான்காம் நாள் பார்சலோனாவில் வந்து சேர்ந்தது. சர்வதேச விமானப் பயணிகளின் இழப்பீடு பற்றிய மாண்ட்ரியால் ஒப்பந்தப்படி, தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்கவேண்டும். வாங்கிய துணிக்கும் பற்பசைக்கும் ரசீது வைத்திருந்தோம், கிடைத்தது.

இன்சூரன்ஸ் இருந்தால் இன்றே அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். ரத்துக்கான காரணத்தை விமான நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி வையுங்கள், பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள். இன்சூரன்ஸ் இல்லையென்றால் இனிமேல் வாங்கிப் பயனில்லை; தெரிந்துவிட்ட நிகழ்வுக்கு யாரும் காப்பீடு தருவதில்லை.

'ஒரு நாள் முன்னதாகவே போயிருக்கவேண்டும்' என்று உங்களுக்கு ஆளாளுக்குச் சொல்வார்கள். நீங்கள் அப்படித்தான் திட்டமிட்டிருக்கிறீர்கள், நாங்களும் அப்படித்தான். அந்த ஒரு இரவு இருந்ததால்தான் நேப்பிள்ஸ் வழி சாத்தியமானது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் ஐரோப்பிய வானத்தைக் கிட்டத்தட்ட ஒரு வாரம் மூடிவைத்தபோது மூன்று இரவு முன்னதாகக் கிளம்பியவர்களும் மாட்டிக்கொண்டார்கள். அதற்காக வருத்தப்பட இப்போது நேரமும் இல்லை.

கப்பல் நிறுவனத்தின் அவசர எண் உங்கள் கப்பல் டிக்கெட்டிலேயே இருக்கும். காத்திருப்பு இசை நீளமாகப் போகும்; போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அதற்குள் வெள்ளிக்கிழமை மாட்ரிட்டில் இறங்கும் விமானங்களின் எண்ணைக் குறித்து வையுங்கள். ஏறுவது எத்தனை மணிக்கு முடிகிறது என்று அவர்கள் சொன்னதும் இங்கே கீழே போடுங்கள், ரயில் நேரத்தைச் சேர்ந்து பார்க்கலாம்.