பதில்: எரிவாயு பாய்லருக்குப் பதில் மின் பாய்லர் வைக்கலாமா?

வணக்கம். 85 டிகிரியில் ஓடும் ரியாக்டர்களுக்கு (ரசாயன வினை நடக்கும் கலன்கள்) 8 பார் நீராவி விடுகிறீர்கள். பாய்லரை மின்சாரத்துக்கு மாற்றினால் கார்பன் குறையுமா என்று கேட்டிருந்தீர்கள். கணக்குப் போடாமல் வாங்கிவிடாதீர்கள்.

85% திறனுள்ள எரிவாயு பாய்லரில் ஒரு யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பத்துக்குச் சுமார் 0.24 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். மின் பாய்லரில் ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஏறக்குறைய ஒரு யூனிட் வெப்பம்தான். நிலக்கரி மின்சாரமானால் உமிழ்வு மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடும்.

உங்களுக்குப் பொருந்துவது வெப்ப பம்ப். கூலிங் டவருக்குப் போகும் 35 டிகிரி தண்ணீரிலிருந்து வெப்பத்தை எடுத்து 95 டிகிரி வெந்நீர் தரும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2.5 முதல் 3 யூனிட் வெப்பம் கிடைக்கும்.

சிக்கல் ஜாக்கெட்டில்தான், அதாவது ரியாக்டரைச் சுற்றி நீராவி ஓடும் வெளி உறையில். 8 பார் நீராவி 175 டிகிரி. ரியாக்டரோடு 90 டிகிரி இடைவெளி. வெந்நீரில் வெறும் 10. கடைசிப் பத்து டிகிரி ஏற இழுத்தடிக்கும், பேட்ச் நேரம் (ஒரு முறை சரக்கு தயாராகும் நேரம்) நீளும். 200 கிலோவாட் தேவைக்கு, வெந்நீர் 10 டிகிரி இறங்குவதாக வைத்தால், மணிக்கு 17 கன மீட்டர் ஓட வேண்டும். கண்டன்சேட்டுக்காக (நீராவி குளிர்ந்து வரும் தண்ணீர்) வைத்த சின்ன நாசில், அதாவது குழாய் வாய், அதைத் தாங்காது. அதே ஜாக்கெட்டில் நீராவியையும் வெந்நீரையும் மாற்றி மாற்றி விடாதீர்கள், வாட்டர் ஹாமர் (குழாயில் தண்ணீர் சம்மட்டி போல மோதுவது) அடிக்கும். வெந்நீர்ச் சுற்றிலேயே ஒரு நீராவி எக்ஸ்சேஞ்சர் (நீராவியின் வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்றும் கருவி) வைத்து, தேவைப்படும்போது மட்டும் சூடேற்றுங்கள்.

அதற்கு முன் ஸ்டீம் டிராப்புகளையும் (நீராவியை விடாமல் கண்டன்சேட்டை மட்டும் வெளியேற்றும் வால்வுகள்) அவற்றிலிருந்து கண்டன்சேட் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். 8 பார் கண்டன்சேட்டைத் திறந்த தொட்டியில் விட்டால் எடையில் 14% ஆவியாகப் பறந்துவிடும்.