ஸ்விட்சர்லாந்தும் பக்கத்து லாட்ஜும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலூரில் ஆஸ்பத்திரியை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறோம். மகள் நான்காம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு வெளிநாட்டின் பூகோளத்தை வீட்டிலேயே சொல்லித் தருகிறேன். இப்போது ஸ்விட்சர்லாந்து. மகள் அந்நாட்டு மாநிலங்களான 26 கான்டன்களையும் தலைநகரங்களோடு ஒப்பிக்கிறாள், ஆனால் இரண்டே வாரத்தில் மறந்துவிடுகிறாள். குளோப் வாங்கலாமா, பெரிய மேப்பா, போனில் ஆப் போதுமா? தமிழில் சொல்வதா, ஆங்கிலத்திலா? தெரு முழுக்க லாட்ஜ், பெங்காலிக்காரர்கள் கூட்டம். அதனால் பிள்ளைகளை வெளியே விடுவதில்லை. வீட்டில் இருக்கும் நேரத்தை உருப்படியாகச் செலவழிக்க வழி சொல்லுங்கள்.

எஸ்., வேலூர்

அன்புள்ள எஸ்.,

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆறு என்றால் என்னவென்றே தெரியாமல் போய்விடுமோ என்ற கவலை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. உங்கள் கடிதம் அந்த இடத்தில் கைவைத்துவிட்டது.

மொழிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பிள்ளை எந்த மொழியில் சண்டை போடுகிறதோ அந்த மொழியில் சொல்லித் தாருங்கள்.

இரண்டு வாரத்தில் மறக்கிறாள் என்கிறீர்கள். மறக்காமல் என்ன செய்வாள்? ஒன்றோடொன்று ஒட்டாத 26 பெயர்களை ஒரு குழந்தை எதற்காக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்? விருந்தாளி வந்தால் ஒப்பிக்கச் சொல்லவா? ஸ்விட்சர்லாந்து நம் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாடு. அங்கே விழும் மழையும் உருகும் பனியும் எங்கெல்லாம் போகின்றன என்று பாருங்கள். ரைன் வழியாக வட கடலுக்கு. ரோன் வழியாக மத்தியதரைக் கடலுக்கு. இன் என்ற ஆறு டான்யூபில் சேர்ந்து கருங்கடலுக்கு. டிச்சினோ ஆறு இத்தாலியின் போ நதியில் கலந்து ஏட்ரியாட்டிக் கடலுக்கு. ஒரே மலைத்தொடரிலிருந்து நான்கு திசைக்கும் தண்ணீர் பிரிகிறது. இதைச் சொன்னால் எந்தக் குழந்தையும் "எப்படி?" என்று கேட்கும். கேட்டால் ஜவ்வாது மலையைக் காட்டலாம். ஒரு பக்கத்துத் தண்ணீர் செய்யாறாகிப் பாலாற்றில் சேர்கிறது, இன்னொரு பக்கத்தது தென்பெண்ணைக்குப் போகிறது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஏன் ஓடுகிறது என்பதிலிருந்துதான் பூகோளம் தொடங்க வேண்டும். ஊர் ஏன் அங்கே இருக்கிறது, என்ன விளைகிறது, எங்கே சண்டை வருகிறது என்பதெல்லாம் அதன் பின்னால்தான். தலைநகரத்தைக் கடைசியில் சொன்னால் போதும், சொல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

சரி. என்னைக் கோபப்படுத்திய வரிக்கு வருகிறேன். "பெங்காலிக்காரர்கள் கூட்டம், அதனால் வெளியே விடுவதில்லை." ஒரு நாட்டையே படிக்கும் வாய்ப்பு உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவைத்துக் காத்திருக்கிறது. நீங்கள் கதவைச் சாத்திவிட்டு ஸ்விட்சர்லாந்து நடத்துகிறீர்கள். ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும் அந்தக் கூட்டத்தில் மேற்கு வங்காளம் உண்டு, திரிபுரா உண்டு, பங்களாதேஷ் உண்டு. 2024-க்குப் பிறகு விசா கெடுபிடியால் எல்லை தாண்டி வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். வருகிறவர்களைக்கூட நாம் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது தோட்டப்பாளையத்தில் எங்கள் வீட்டின் முன்னறையை நோயாளிக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவோம். பங்களாதேஷின் பரிசால் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மனைவியை அழைத்துவந்திருந்தார். மாலையில் அவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது, திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள், "உங்கள் ஆறு எங்கே?" என்று கேட்டார். அப்பா பாலாற்றுக்குக் கூட்டிப்போனார், நானும் போனேன். மணலில் நின்று இந்தக் கரையையும் அந்தக் கரையையும் பார்த்துவிட்டு, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். அவர் ஊரில் கடலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஆற்றில் தண்ணீர் ஏறும், இறங்கும். அதைத்தான் கேட்டிருக்கிறார் என்று எனக்குப் புரியவே நாளாயிற்று.

வீட்டுக்கு வந்து கரித்துண்டால் தரையில் வரைந்தார். மேலிருந்து ஒரு கோடு பத்மா, அதாவது நம் கங்கை. அதன் தலையில் வந்து சேரும் தடித்த கோடு ஜமுனா, அதாவது பிரம்மபுத்திரா. இரண்டும் சேர்ந்து கீழே சாந்த்பூரில் மேக்னா ஆற்றோடு கலந்து கடலுக்கு. அதற்குக் கீழே எண்ண முடியாத கிளைகள். அவர் ஊருக்கு ரயில் கிடையாது. டாக்காவுக்கு ராத்திரி ஸ்டீமர் ஏறினால் விடிகாலையில் இறங்கலாம். ஆறு நிலத்தைத் தின்றதால் வீட்டைப் பிரித்து வேறிடத்தில் கட்டியதைக் கோபமே இல்லாமல் சொன்னார். அம்மாவுக்குத்தான் அதைக் கேட்டுத் தாங்கவில்லை.

அவர் மிகைப்படுத்தவில்லை. 1779-இல் வெளியான, ஆங்கிலேய நில அளவையாளர் ஜேம்ஸ் ரென்னலின் வங்காள அட்லஸில் பிரம்மபுத்திரா மைமன்சிங் ஊரை ஒட்டி ஓடுகிறது. 1787-இல் டீஸ்டா ஆற்றில் பெருவெள்ளம். அதை அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த மாபெரும் ஆறு பழைய பாதையை விட்டு மேற்கே போய்விட்டது. இன்று மைமன்சிங்கில் ஓடுவது மெலிந்த பழைய பிரம்மபுத்திரா. பங்களாதேஷ் நாடே இமயமலை மண்ணை ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய நிலம். கொட்டிய ஆறே சில சமயம் எடுத்துக்கொள்கிறது. பரப்பில் தமிழ்நாட்டைவிடச் சற்றுப் பெரியது, ஏறத்தாழ 1,48,000 சதுர கிலோமீட்டர். அதில் 2022 கணக்கெடுப்புப்படி 16 கோடிக்கு மேல் மக்கள். 2022-இல் பத்மாவின் மேல் திறந்த பாலத்தின் நீளம் 6.15 கிலோமீட்டர். காட்பாடி ஜங்ஷனிலிருந்து பாலாற்றைத் தாண்டி ஊருக்குள் வருகிற தூரம் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். மகளை அடுத்த முறை பஸ்ஸில் கூட்டிவரும்போது, இது முழுக்கத் தண்ணீராக இருந்தால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள்.

இன்னொன்று. ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகள் பாலாற்றை என்ன செய்தன என்று உங்களுக்குத் தெரியும். டாக்காவின் ஹஜாரிபாக் தோல் தொழிற்சாலைகள் புரிகங்கா ஆற்றை அதையேதான் செய்தன. 2017-இல் அவற்றை நகருக்கு வெளியே சாவர் என்ற இடத்துக்கு மாற்றினார்கள். இப்போது அங்கே தலேஸ்வரி ஆறு கெடுகிறது. நம் ஊர்ப் பிள்ளைக்கு இதைப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டாம், ஒரு வாக்கியத்தில் புரிந்துகொள்ளும்.

நோயாளிகளைப் போய் நச்சரிக்கச் சொல்லவில்லை. கூட வந்தவர்கள் இருக்கிறார்களே, ரிப்போர்ட்டுக்காக நாள் கணக்கில் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு நீங்களும் போய், குடிக்க ஏதாவது கொடுத்து, "உங்க ஊர் ஆத்துக்கு என்ன பேரு?" என்று கேளுங்கள். ஊரில் பணத்துக்கு ஓடி, இங்கே டோக்கனுக்கு ஓடி, மருந்துச் சீட்டைப் பற்றி மட்டுமே பேசிக் களைத்தவர்கள் அவர்கள். ஊரைப் பற்றிக் கேட்க ஒரு குழந்தை வந்தால் முகத்தைப் பாருங்கள். பாஷை ஒரு தடையே இல்லை. பக்கத்துக் கடைக்காரர் நன்றாகவே பெங்காலி பேசுவார், அவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

குளோப் இப்போது வேண்டாம், அதில் பங்களாதேஷ் நகத்தளவுதான் இருக்கும். ஆப் வேண்டவே வேண்டாம். மலைக்குப் பழுப்பு, சமவெளிக்குப் பச்சை என்று உயரத்தை நிறத்தில் காட்டும் பெரிய தெற்காசிய மேப் ஒன்று வாங்கி, மகன் விரல் எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். இமயமலையும் வங்கக் கடலும் ஒரே தாளில் இருக்க வேண்டும். அப்படி இல்லாத மேப் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.