இல்லத்திலிருந்து வெளிவரும் பிள்ளைக்கு நிர்வாக ஒதுக்கீட்டு இடம் வேண்டாம்

தங்கச்சிமடத்திலிருந்து சென்ற வாரம் தம்பியுடன் வந்து, மறைந்த தங்கையின் மகனைப் பற்றிப் பேசிச் சென்ற அம்மாவுக்கு,

தகப்பன் கடலில் போனபோது பிள்ளைக்கு ஆறு வயது, தாய் போனபோது ஒன்பது. அன்றிலிருந்து குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து, அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறான். வருகிற ஆவணியில் 18 வயது நிறைகிறது, அதற்குப் பிறகு இல்லத்தில் வைத்திருக்க மாட்டார்களாமே என்று கேட்டு நீங்கள் கண்கலங்கினீர்கள். எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லி அனுப்பினேன். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்பதால் இப்போது உடைத்தே எழுதுகிறேன்: உங்கள் தம்பி பார்த்து வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடத்தை விட்டுவிடுங்கள்.

அது நிர்வாக ஒதுக்கீட்டு இடம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில், கலந்தாய்வு வழியாகப் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நன்கொடை கொடுத்து நேரடியாக வாங்கும் இடத்துக்கு அந்தச் சலுகை பொருந்தாது. முதல் தவணைக்காக, உங்கள் தங்கையின் சங்கிலியை அடகு வைக்கலாம் என்று தம்பி சொன்னார். அந்தச் சங்கிலி அந்தப் பிள்ளைக்கு மிஞ்சியிருக்கும் ஒரே தாய்வீட்டுச் சொத்து. அவனைக் கேட்காமல் அது வங்கிக்குப் போவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். "அக்கா மகன் இன்ஜினியர்" என்று உறவுக்குள் சொல்லிக்கொள்ள ஆசைப்படுவது தவறில்லை, ஆனால் அந்த ஆசைக்கான வட்டியை அவனைக் கட்டச் சொல்வது தவறு.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் காலக் கணக்கில் இருக்கிறது. இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015-இன் 46-ஆம் பிரிவு, 18 வயது நிறைந்து இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு நிதியுதவி "அளிக்கப்படலாம்" என்கிறது. "அளிக்கப்பட வேண்டும்" என்று அதில் இல்லை. பிற்காப்பு என்று அழைக்கப்படும் இந்த ஏற்பாடு 21 வயது வரைதான். தனிப்பட்ட காரணம் காட்டினால் மேலும் இரண்டு ஆண்டுகள், அதாவது 23 வரை நீட்டிக்க இடமுண்டு, ஆனால் அந்த நீட்டிப்பை முன்கூட்டியே நம்பி எந்தத் திட்டமும் போடக்கூடாது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இதற்கென மாதம் 4,000 ரூபாய் வகுத்திருக்கிறார்கள். அந்தப் பணம் பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே நேரடியாக வர வேண்டும் என்பது விதி. தாய்மாமன் கைக்கோ உங்கள் கைக்கோ அது வராது, வரவும் கூடாது. 18-இல் தொடங்கும் நான்காண்டுப் படிப்பு 22-இல் முடிகிறது. கடைசி ஆண்டில் உதவி நின்று, ஓர் அரியர் தாளும் விழுந்தால், மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படிப்பார்கள். இவன் எங்கே போவான்? உங்கள் வீட்டில் இரண்டு அறையும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருப்பதை நீங்களே சொன்னீர்கள். ஆகவே 21-க்குள் முடிந்து, கையில் தொழிலும் சான்றிதழும் தருகிற படிப்பாகத்தான் இவனுக்குத் தேட வேண்டும்.

அரசு 10 லட்சம் தருகிறதாமே என்று தம்பி இடையில் கேட்டார். அது கொரோனாக் காலத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கான பிஎம் கேர்ஸ் திட்டம். இவனுடைய தாய் தந்தையர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். அந்தத் தொகையைக் கணக்கில் வைத்து யாரிடமும் கடன் பேச வேண்டாம்.

இப்போது பிள்ளைக்கு வருகிறேன். நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது அவன் வாசலில் நின்றான். மீன்பிடித் தடைக்காலத்துக்கு மண்டபத்தில் கரையேற்றியிருக்கும் விசைப்படகுகளில் இன்ஜின் இறக்கும் மெக்கானிக்கிடம், விடுமுறை நாள்களில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் போவதாகச் சொன்னான். புகை கறுப்பாக வந்தால் என்ன என்று சும்மா கேட்டேன். நாசில் டீசலைச் சரியாகத் தெளிக்கவில்லை, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது, முதலில் வடிகட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதற்குச் செலவில்லை என்றான். இருபது ஆண்டுகளாக மாணவர்களோடு பேசுகிறேன். செலவில்லாததை முதலில் பார்க்கச் சொல்லும் பிள்ளைகளை அதிகம் கண்டதில்லை.

இந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் படிப்பு ஒன்று உண்டு. இந்தக் கரையில் எத்தனையோ பேருக்கு அதன் பெயரே தெரியாது என்பது எனக்குப் பல நாள் ஆதங்கம். சிஃப்நெட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய அரசின் மீன்வளக் கடல்சார் பயிற்சி நிறுவனம் 1963-இல் கொச்சியில் தொடங்கப்பட்டது. அதன் கிளைகள் சென்னை ராயபுரத்திலும் விசாகப்பட்டினத்திலும் இருக்கின்றன. அங்கே மரைன் ஃபிட்டர் (கலத்தின் இன்ஜின் வேலை), வெசல் நேவிகேட்டர் (கலம் செலுத்துதல்) என்று இரண்டு பயிற்சிகள், ஒவ்வொன்றும் 24 மாதம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், கணிதத்திலும் அறிவியலிலும் தனித்தனியே 40 விழுக்காடும் கேட்கிறார்கள். உங்கள் பிள்ளை அதைத் தாண்டியே எடுத்திருக்கிறான். வயது உச்சவரம்பு 20, பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஐந்து ஆண்டு தளர்வு. பொது நுழைவுத் தேர்வு உண்டு, அறிவிப்பு பெரும்பாலும் கோடையில் வரும். இந்த ஆண்டு தவறினாலும் அடுத்த ஆண்டு இன்னொரு முறை எழுதலாம். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் படிப்பு 21-க்குள் முடியாது.

மரைன் ஃபிட்டர் பயிற்சியில் அரம் பிடிப்பதிலிருந்து தொடங்குவார்கள். ஃபிட்டிங், லேத், வெல்டிங், டீசல் இன்ஜின், குளிர்பதனம் என்று பணிமனை வேலைகள் முதலில் வரும், பிறகு பயிற்சிக் கப்பலில் கடலனுபவம். முடிவில் தேசியத் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் கிடைக்கும். தேவையான கடற்பணிக் காலத்தை முடித்தபின் வணிகக் கடல்சார் துறை நடத்தும் தேர்வுகளை எழுதி, மீன்பிடிக் கலங்களின் இன்ஜின் டிரைவர், அதற்கு மேல் இன்ஜினியர் என்று தகுதி பெறலாம். கவனியுங்கள், உங்கள் தம்பி விரும்பும் அதே சொல் அங்கேயும் இருக்கிறது, அதை நகை அடகு வைக்காமல் உழைத்துப் பெறலாம். துறைமுக இழுவைப் படகுகள், மீன்வள ஆய்வுக் கலங்கள், படகு கட்டும் தளங்கள் எல்லாம் இந்தச் சான்றிதழை அறியும். படிக்கும் காலத்தில் மாத உதவித்தொகையும் தருகிறார்கள்.

கடல் என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் முகம் மாறும் என்பது எனக்குத் தெரியும். தகப்பனைக் கொண்டுபோன கடலுக்கே பிள்ளையை அனுப்பச் சொல்கிறேனா என்று கேட்பீர்கள். கடலுக்கே போக வேண்டியதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பயிற்சியிலேயே கடல் இருக்கிறது. முடித்தபின் கரையிலேயே, மூக்கையூரிலோ மண்டபத்திலோ பணிமனையில் இருப்பதும், கலத்தில் போவதும் அவன் விருப்பம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். உயிர்காப்புச் சட்டை, தீயணைப்பு, வானொலி என்று எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கடலில் இறங்குபவனும், வேறு வழியில்லாமல் கூலிக்கு வல்லம் என்னும் நாட்டுப்படகில் ஏறுபவனும் ஒன்றல்ல. படிப்பு பாதியில் நின்றால் இவன் அந்த இரண்டாமவனாகத்தான் ஆவான்.

அது கிடைக்காவிட்டால் பரமக்குடி அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் அல்லது டீசல் மெக்கானிக். மாதம் 750 ரூபாயும் சீருடையும் மிதிவண்டியும் அரசு தருகிறது. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். அதைப் பற்றி உங்களுக்கே தெரியும், நீட்டவில்லை.

உடனே செய்ய வேண்டியது வேறு. பிள்ளை வெளியேறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, பிற்காப்பைப் பரிந்துரைக்கும் திட்டத்தைக் குழந்தைகள் நலக் குழுவிடம் அளிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்துக்கான மாதிரி விதிகளில் இருக்கிறது. ஆவணிக்கு இரண்டு மாதம் முன்பு என்றால் ஆனித் தொடக்கம், அதாவது இன்னும் சில வாரங்கள்தான். ராமநாதபுரத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் சென்று, அவனுக்கான திட்டம் எழுதப்பட்டுவிட்டதா என்று கேளுங்கள். எழுதவில்லையென்றால், படிப்பின் பெயரையும் காலத்தையும் குறிப்பிட்டு அவனே ஒரு விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கட்டும். குழு ஆணை பிறப்பிக்காமல் அந்த 4,000 ரூபாய் தானாக வந்துவிடாது. பிற்காப்பு என்றதும் மறுபடி இல்லமா என்று நீங்கள் கூச வேண்டாம். ஆறு முதல் எட்டு இளைஞர்கள் சேர்ந்து தங்கும் குழுக் குடியிருப்பு, பயிற்சிக் கால உதவி, ஆலோசகர் எல்லாம் அந்த விதியில் சேர்ந்தவை.

இல்லத்தில் இருக்கும் அவனுடைய ஆவணங்களையும் இப்போதே எண்ணிப் பாருங்கள்: பெற்றோரின் இறப்புச் சான்றிதழ்கள், சமூகச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம். சமூகச் சான்று கிடைக்காத பிள்ளைகளுக்கும் ஒரு வழி உண்டு. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, வேறு ஆதரவின்றி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்தில் சேர்ந்தவர்களைத் தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. உங்கள் பிள்ளைக்குச் சான்று இருப்பதால் அது தேவைப்படாது, ஆனால் அதே இல்லத்தில் தேவைப்படும் பிள்ளைகள் இருப்பார்கள், வார்டனிடம் சொல்லி வையுங்கள்.

நிறங்களைப் பிரித்தறியும் சோதனையோடு கண்பரிசோதனையையும் மாவட்ட அரசு மருத்துவமனையில் விண்ணப்பத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். கடல்சார் பயிற்சிக்கு மருத்துவத் தகுதி கேட்பார்கள். அடுத்த முறை தம்பி வராவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளையை அழைத்து வாருங்கள். இந்த முறை அவன் உள்ளே உட்காரட்டும்.